இடது சுற்று

பெட்டியின் மூடியைத் திறந்ததும், உள்ளே அவள் புருஷனின் கை இருந்தது.

பயப்பட வேண்டாம். கை என்றால் கைவேலை. ஒரு வாய் சாப்பிட்டதுமே இது இன்னார் கை என்று சொல்லிவிடுகிறோமே, அந்த மாதிரி.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மீட்டர் அறைச் சுவரில் மாட்டியிருந்த பெட்டி அது. தெருவிலிருந்து வரும் இன்டர்நெட் கேபிள் அதற்குள் நுழைந்து, வீட்டுக்கு ஒன்றாகப் பிரிந்து போகும். கேபிளுக்குள் இருப்பது தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை. கன்னாபின்னாவென்று மடித்தால் அதில் ஓடுகிற வெளிச்சம் செத்துவிடும். அதனால் மிச்சமாகிற இழையை வட்டமாகச் சுற்றிப் பெட்டிக்குள் படுக்க வைப்பார்கள்.

தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் வலப்பக்கமாகச் சுற்றுவார்கள். அவர் இடதுகைக்காரர். இடப்பக்கமாகச் சுற்றி, நடுவில் எட்டு போட்டு ஒரு முறுக்கு வேறு முறுக்குவார். வீட்டு நம்பரைத் தலைகீழாகத்தான் ஒட்டுவார். கேட்டால், "ஏணி மேல நின்னு குனிஞ்சு பாக்கறவனுக்கு நேராத் தெரிய வேணாமா?" என்று நியாயம் பேசுவார்.

இந்தப் பெட்டியில் எட்டும் இருந்தது, தலைகீழ் நம்பரும் இருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. பாலத்தை மூழ்கடித்த வெள்ளத்தில் அவருடைய பைக்கும் டூல்ஸ் பையும் மட்டும் கிடைத்த வாரத்திலேயே உள்ளதையெல்லாம் அழுது தீர்த்துவிட்டாள். உடம்பு கிடைக்கவேயில்லை. இப்போது அவர் படம் சுவரில் இருக்கிறது, அவர் பார்த்த வேலை இவளிடம் இருக்கிறது. எழுந்திருக்கிறாள், சுவரில் துளை போடுகிறாள், கேபிள் இழுக்கிறாள், தூங்குகிறாள். மரக்கட்டைக்கு யாரோ டூல்ஸ் பை மாட்டிவிட்ட மாதிரிதான்.

"சுவத்துல சாயாதீங்கம்மா. பெயிண்ட் ஒட்டிக்கும்," என்றார் வாசலில் நின்ற வாட்ச்மேன்.

அவள் தள்ளி நின்று பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினாள். சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள்.

"சார், பெட்டி ரொம்பியிருக்கு. நாலாம் மாடிக்குப் புது லைன் நுழைய இடமில்ல."

"பாத்தேன், பாத்தேன். அங்க மாட்டினது நம்ம கம்பெனி இல்லம்மா, கட்டினவங்க கூட்டிட்டு வந்த வெளியாளு. சுத்தினதையெல்லாம் வெட்டி எடுத்துட்டு நம்ம முறையில புதுசாப் போட்டுரு."

"வெட்டாம பக்கத்துல இன்னொரு பெட்டி மாட்டிக்கறேனே, சார்."

"எதுக்கு?"

"இது எங்க வீட்டுக்காரர் கை, சார்."

சூப்பர்வைசரும் அவரோடு பத்து வருஷம் ஏணி தூக்கினவர்தான்.

"ஆமா. அவன் சுத்துதான்," என்றார். "ஞாயித்துக்கிழமையானா வெளிவேலைக்குப் போயிருவான்ல, அப்பப் போட்டிருப்பான். என்னம்மா பண்றது? ஒரு கட்டடத்துக்கு ஒரு பெட்டிதான். மனசைக் கல்லாக்கிட்டு வெட்டிரு."

கல்லாக்க இனி என்ன பாக்கி இருக்கிறது? அவள் கட்டரை எடுத்து இழைக்கு நேராகப் பிடித்தாள். விரல்கள்தான் மூடவில்லை.

வீட்டில் அவர் தொட்டதெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. சட்டைகளில் வாசனை போயிற்று. டூல்ஸ் பையின் கைப்பிடி அவள் பிடிக்குத் தேய்ந்துவிட்டது. அவர் சுற்றிய பழைய பெட்டிகளையும் கம்பெனி போன வருஷமே மொத்தமாக மாற்றிவிட்டது. அவர் வைத்தது வைத்தபடி இருப்பது உலகத்திலேயே இது ஒன்றுதான். அதையும் அவள் கையாலேயே வெட்ட வேண்டும்.

வெளியே வந்து லிஃப்டுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். லிஃப்டின் பட்டன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

வாட்ச்மேன் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?"

"அதெல்லாம் இல்லண்ணே. உள்ள இருக்கறதை வெட்டச் சொல்றாங்க. சுத்தினது எங்க வீட்டுக்காரர். அதான் கை வரல."

"யாரு, அந்த இடதுகைக்காரரா? அவர் சம்சாரமா நீங்க?"

அவள் நிமிர்ந்தாள். "பாத்திருக்கீங்களா அவரை?"

"பாக்காம என்ன? ரெண்டு நாள் இங்கதான வேலை பாத்தாரு. ஏன்யா நம்பரைத் தலைகீழா ஒட்டறேன்னு கேட்டேன். ஏணி மேல நிக்கறவனுக்கு ஒரு நியாயம் வேணாமான்னு என்னையே திருப்பிக் கேட்டாரு. வாய் ஜாஸ்தி, ஆனா தங்கமான மனுஷன்."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் உதட்டில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது. அவரைப் பற்றி இப்படி ஒருவர் பேசிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. இந்த மனிதர் எதிரிலாவது அழுதுவிடலாம் போல இருந்தது.

"சௌக்கியமா இருக்காரா?" என்று கேட்டார் வாட்ச்மேன்.

"இல்லண்ணே. வெள்ளத்துல போயிட்டாரு. பதினாலு மாசமாச்சு."

வாட்ச்மேன் அவளைப் பார்த்தார். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். காலி டம்ளரை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"பதினாலு மாசத்துக்கு முன்னாடி இது வெறும் காலி மனைம்மா."