வீங்காத கால்

தங்கமாயன் அக்காவுக்குத் தரவேண்டியது பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய். போன வருஷம் அப்பாவின் சாவுக்கு அவள் செய்த செலவு. துபாயில் அந்த வாரம் இரட்டைச் சம்பளம். அதை விட மனமில்லாமல், "ஃபிளைட்டே ரெண்டு நாளு ஆகும்க்கா, எனக்காகக் காத்திருக்க வேணாம்" என்று போனில் சொல்லிவிட்டான்.

இப்போது மதுரை விமான நிலைய வாசலில் அக்கா பேச்சியம்மாள் தைலப் புட்டியோடு நின்றாள். அவனைக் கண்டதும் குனிந்து கணுக்காலை அமுக்கிப் பார்த்தாள். "ரெண்டு நாளு தொங்கப்போட்ட காலு, வீங்கவே இல்லையே தம்பி!"

கூடவே பெட்டி தள்ளி வந்த பயணி சிரித்துவிட்டான். "எந்த ரெண்டு நாளு, யக்கா? நாலு மணி நேரந்தேன். கண்ணசர்றதுக்குள்ள எறக்கி விட்டுட்டான். எங்க ஊருக்கு பஸ்ஸுல போகத்தேன் இனி ஆறு மணி நேரம்!"

அக்கா கையை எடுக்க மறந்துபோனாள். அந்தக் காலை எங்கே கொண்டுபோய் ஒளிப்பதென்று தங்கமாயனுக்குத் தெரியவில்லை. அவசரமாகப் பணத்தை எடுத்து நீட்டினான். "உன் கடன்க்கா. எண்ணிக்கோ."

அவள் நிமிர்ந்து நிதானமாக எண்ணினாள். மூவாயிரத்தைப் பிரித்து அவன் சட்டைப்பையில் வைத்தாள்.

"ஐஸ்பெட்டி வாடகை. இதை நீ குடுக்க வேணாம்."

"ஏன்க்கா?"

"காத்திருக்க வேணாம்னுதேன நீ சொன்ன. ரெண்டு நாளும் அப்பாவை அதுல வச்சுக் காத்திருந்தது நாந்தேன்."

"கணக்குத் தீந்துச்சு" என்று சொல்லி, அக்கா அவன் பெட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.