ஐந்து வோல்ட்

"அப்பா, இதுக்குக் குளிராதா?"

ஐந்து வயது ஜெப்சி ஒரு மார்கழிக் காலையில் கேட்ட கேள்வி அது. மேசைமேல் பெட்டியில்லாமல் வெறும் பலகையாகக் கிடந்த சின்னக் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் கேட்டாள். ஜான்ரோஸ் சிரித்துவிட்டு, அதை ஓடவிட்டபடியே அருமனைச் சந்தைக்குப் போனார். திரும்பி வந்தபோது பலகை கருகிக் கிடந்தது.

பழி முழுவதும் அதற்குப் பவர் சப்ளை செய்து கொடுத்த முருகதாசின் தலையில் விழுந்தது. "அஞ்சு வோல்ட் கேட்டா பன்னிரண்ட விட்டுட்டான்" என்று ஜான்ரோஸ் கடைகடையாகச் சொன்னார். மூன்றே மாதத்தில் முருகதாஸ் தன் ரேடியோக் கடையைப் பூட்டிவிட்டு மஸ்கட்டுக்குப் பிழைக்கப் போனார்.

இருபத்தெட்டு வருடம் கழித்து அவரே வாசலில் நின்றார். கையில் அதே மாதிரி ஒரு பலகை.

"பழசு ஒண்ணு கெடச்சுது மக்கா. எனக்குக் கை விறைக்கு, சால்டரிங் பிடிக்க முடியல்ல. சப்ளையும் பெட்டியும் நீ செய்து தருவியா?"

"எங்கிட்டயா கேக்க? நாணமில்லியாலே?"

"இந்தப் பக்கத்துல இதத் தொடத் தெரிஞ்சவன் வேற யாருலே இருக்கான்?"

"வச்சிட்டுப் போ. நாளைக்கு வா."

அவர் போனதும் ஜான்ரோஸ் அலமாரியைத் திறந்தார். பலகையைக் கொன்ற அந்தப் பழைய சப்ளை, சாட்சிப்பொருள் போல அங்கேயே இருந்தது. அதை ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை; அவ்வளவு நிச்சயம் அவருக்கு.

'அவன் வச்ச தீ, அவனையே சுடட்டும்.' கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று இத்தனை நாள் விட்டதே அதிகம். சப்ளையை முருகதாஸ் கொண்டுவந்த பலகையில் இணைத்து, சுவிட்சைப் போட்டு, புகைக்காகக் காத்திருந்தார்.

அரை மணி நேரமாயிற்று. பலகையின் சிவப்பு எண்கள் அமைதியாக எரிந்துகொண்டிருந்தன. மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தார். ஐந்து. துல்லியமாக ஐந்து.

அன்று மாலை, ரப்பர் மரத்தில் செய்து முடித்த பெட்டியின் மூடியோடு அவர் திகைத்து நிற்கையில், கிறிஸ்துமசுக்கு வந்திருந்த ஜெப்சி தேநீர் கொண்டுவந்தாள்.

"அய்யோ, காத்துக்கு ஒரு ஓட்டைகூட இல்ல. மூடிராதீங்கப்பா, கருகிப்போவும்."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"சின்னதுல, பாவம் குளிருமேன்னு என் கம்பிளியப் போட்டுப் பொதிஞ்சேன்லா! கருகுன நாத்தம் வந்ததும் பேடிச்சு கம்பிளிய எடுத்து ஒளிச்சிட்டேன். அடிப்பீங்களோன்னு சொல்லல்ல."

தேநீர் ஆறிப்போயிற்று. ஜான்ரோஸ் மூடியில் வரிசையாகத் துளை போட்டார். பக்கத்தில் ஒரு சிறு காற்றாடி வைத்தார். சப்ளையை மட்டும் மாற்றவில்லை.

மறுநாள் முருகதாஸ் வந்தார். கடைகடையாகப் போய்த் திருத்திச் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி. ஜெப்சி வெளியே போயிருந்ததால் இப்போது வீட்டில் வேறு யாரும் இல்லை.

முருகதாஸ் நடுங்கும் கையால் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "சூடே இல்லியே! இவ்வளவு நல்ல சப்ளை யாருலே செய்தது?"

ஜான்ரோஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீதாம்ல."