ஏரிக்கரையில் ஒரு டவுசர்

"மாப்ளே, அந்த டவுசரை எப்பக் கழட்டுறதா உத்தேசம்? கல்யாணத்தன்னிக்கா?"

முன்னால் நடந்துகொண்டிருந்த லோதர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஹென்னிங் மட்டும் சிரிக்கவில்லை. அந்த டவுசர் அவன் இடுப்பில்தான் இருந்தது.

ஹார்ட்ஸ் மலைக்காட்டில் அவர்களுடைய சங்கம் மாதத்தில் ஒரு ஞாயிறு இப்படி நடக்கும். காலில் பூட்ஸ், தலையில் தொப்பி, முதுகில் பை. மற்றபடி பொட்டுத் துணி கிடையாது. எதிரே துணி உடுத்தியவர்கள் வந்தால் வணக்கம் சொல்லி வழிவிட வேண்டும். எங்கே உட்கார்ந்தாலும் சொந்தத் துண்டை விரித்துத்தான் உட்கார வேண்டும். நடக்கும்போது குளிரினால் எதையாவது மாட்டிக்கொள்ளலாம்; ஏரியில் மட்டும் துணியோடு இறங்கக் கூடாது. சங்கத்தின் சட்டம் அவ்வளவுதான். லோதர்தான் அதற்குத் தலைவர். ஹென்னிங் கட்டிக்கொள்ள நினைக்கும் மார்லீனுக்கு அப்பா.

"அவர் கிடக்காரு தம்பி," என்றாள் லோதரின் மனைவி ரோஸ்விதா. "முதல் தடவை எல்லாருக்கும் கூச்சமாத்தான் இருக்கும். என் வயித்துத் தழும்பைப் பாரு. எங்க வீட்டுக்காரர் தோள்ல பிளாஸ்திரி. அதோ அவருக்கு முட்டியில பட்டை. இங்க யாரும் அழகிப் போட்டிக்கு வரல."

ஹென்னிங் பாவமாகத் தலையாட்டினான். உண்மையில் வெட்கம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள் அவன். அவனுடைய கவலை வேறு. டவுசருக்குள், இடது பிட்டத்தில், பீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை அளவுக்கு ஒரு பச்சை குத்தியிருந்தான். சிவப்பும் வெள்ளையுமாக, ஹாலே நகரத்துக் கால்பந்து அணியின் சின்னம்.

லோதரோ அதன் பரம வைரியான மாக்டெபர்க் அணிக்கு உயிரையே கொடுப்பவர். வீட்டுக் கதவு நீலம், கார் நீலம், உட்காரும் துண்டுகூட நீலமும் வெள்ளையும். அந்த வீட்டில் சிவப்பாக இருக்கத் தக்காளிக்கு மட்டும்தான் அனுமதி. மார்லீனோடு படித்த ஒருவன் ஹாலேக்காரன் என்று தெரிந்ததும், ஊற்றிய காபியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனவர் அவர்.

"நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாம்," என்று மார்லீன் காதைக் கடித்தாள்.

"சொல்லியிருந்தா உங்கப்பா என்னை வாசலோட அனுப்பியிருப்பாரு."

"அம்மா பையில பிளம்ஸ் கேக் இருக்கு. எல்லாரும் குளிச்சு முடிச்சதும் நம்ம நிச்சயத்தை அப்பா சொல்லப் போறாரு. குளிக்காம நீ மட்டும் கரையில நிக்க முடியாது."

"தெரியும். அதான் மெதுவா நடக்கிறேன்."

ஏரி வந்தது. பூட்ஸை உதறிவிட்டு ஆளுக்கு ஆள் தண்ணீரில் பாய்ந்தார்கள். லோதர் மட்டும் வழக்கம்போலத் துண்டை விரித்துக் கரையில் உட்கார்ந்தார். தோளில் பழைய புண், நனையக் கூடாது என்பார். அவர் நீந்தி யாரும் பார்த்ததில்லை.

"என்ன மாப்ளே, நல்ல நேரம் பார்க்கிறியா?"

இனி வேறு வழியில்லை. ஹென்னிங் டவுசரைக் கழற்றினான். லோதருக்கு முகத்தைக் காட்டியபடியே ஏரியை நோக்கிப் பின்பக்கமாக நடந்தான்.

"நான் என்ன ராஜாவா? முதுகைக் காட்டாமப் போற."

"மரியாதை மாமா," என்றான் ஹென்னிங்.

ஐந்தாவது அடியில் ஒரு பைன் மரத்து வேர் குதிகாலில் இடறியது. சமாளிக்கச் சுழன்றவன் குப்புற விழுந்தான். முகம் மணலில் புதைந்தது. ஹாலே நகரத்துச் சின்னம் வெயிலில் பளிச்சென்று மேலே தெரிந்தது.

தண்ணீரில் இருந்தவர்கள் கை அடிப்பதை நிறுத்தினார்கள்.

"அது ஹாலேயோடதா?" லோதரின் குரல் தணிந்திருந்தது.

"ஆமாங்க." ஹென்னிங் எழுந்து மணலைத் துப்பினான். "பதினெட்டு வயசுல குத்தினது."

"அழிச்சிடலாமே. இப்பதான் எல்லாத்துக்கும் இயந்திரம் வந்துருச்சே."

"அழிக்க மனசு வரல மாமா. அதுக்காக மார்லீனை விடவும் மனசு வரல. உங்ககிட்ட மறைச்சதுதான் தப்பு. அடிக்கணும்னா அடிச்சிடுங்க."

மார்லீன் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை முட்டியது. "அப்பா, கேக்கை வேணா நீங்களே வச்சுக்குங்க. நான் இவனோட போறேன்."

லோதர் எழுந்தார். நீலத் துண்டை நான்காக மடித்து வைத்தார். பூட்ஸைக் கழற்றினார். இருவரையும் தாண்டிப் போய், ஏரியில் தலைகீழாகப் பாய்ந்தார்.

"அப்பா, புண்ணு!" என்று கத்தினாள் மார்லீன்.

வெகுதூரம் தள்ளி அவர் தலை எழும்பியது. நீர்நாய் மாதிரி ஒரு சுற்று நீந்தித் திரும்பினார். "மாப்ளே, தண்ணி அருமையா இருக்கு. நிச்சயத்தை ஈரத்தோட சொன்னா ஆகாதா என்ன?" என்று கூவிக்கொண்டே கரையேறினார்.

அவருக்குப் பின்னால் அந்தப் பெரிய பிளாஸ்திரி இலை போல மிதந்து வந்தது. அவர் தோளில் புண்ணும் இல்லை, தழும்பும் இல்லை. வெயிலே படாத வெள்ளைச் சதுரம் ஒன்று இருந்தது. அதன் நடுவே, சாயம் போன சிவப்பும் வெள்ளையுமாக, ஹாலே நகரத்துக் கால்பந்துச் சின்னம்.

"எங்கப்பா மாக்டெபர்க் வெறியர். பொண்ணு கொடுக்க மாட்டாரேன்னு பயந்துபோய் ஒட்டினது," என்றாள் ரோஸ்விதா, கேக்கை வெட்டிக்கொண்டே. "அவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆச்சு. இந்த மனுஷனுக்கு இன்னிக்குத்தான் தைரியம் வந்திருக்கு."