பொது ஓட்டம்

தங்க அணுக்கருக்கள் மோதும்போது சிதறும் துகள்கள் தனித்தனியே போவதில்லை. திரவம்போல ஒன்றாக ஓடும். அந்தப் பொது ஓட்டத்தைக் கழித்துவிட்டு, ஒவ்வொரு துகளின் சொந்த அசைவைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இப்போது கூட்ட நெரிசல் வழக்குகளில் மனிதர்களுக்கும் அதையே செய்கிறார்கள்.

ரயில் நிலைய நெரிசலில் என் மனைவி சங்கவை இறந்தாள். கேமரா பதிவுகளை ஆராய்ந்த முடிவைக் காட்ட என்னையும் மாமனாரையும் விசாரணை அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மாமா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பெண் அதிகாரி தாழ்ந்த குரலில் சொன்னார்.

“உங்க மேல தப்பே இல்ல சார். கூட்டம் தள்ளின பக்கமே போயிருக்கீங்க. சொந்த அசைவு எதுவும் இல்ல.”

மாமா உள்ளே வந்ததும் அதிகாரியிடம் ஆரம்பித்தார். “மாப்ள அவள இழுக்கப் போயி சட்டையே கிழிஞ்சிருச்சும்மா.”

வீட்டில் நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

திரை முழுக்கப் புள்ளிகள், ஆளுக்கு ஒன்று. சிலவற்றில் மட்டும் சொந்த அசைவைக் காட்டும் அம்புக்குறி.

“நீங்க படிச்ச படிப்புதான மாப்ள. இதுல எம்பொண்ணு எங்க?”

காட்டினேன். அவளுடைய அம்பு கூட்டத்துக்கு எதிராக, நான் நின்ற பக்கம் நீண்டிருந்தது.

“உங்களத் தேடித்தான் வந்திருக்கா. உங்களுது எது?”

என் புள்ளியில் அம்பு இல்லை. பக்கத்தில் யாரோ ஒருவருடைய அம்பு அவளை நோக்கி இருந்தது. அதன்மேல் விரலை வைத்தேன். அதிகாரி என்னைப் பார்த்தார்.

மாமா அந்த அம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.