தகட்டுக்குள் போய்வந்த ஒலி

அண்டாவாக வேண்டும் என்று ஓர் அலுமினியத் தகட்டுக்கு ஆசை. அதைச் சோதிக்க வந்த ஒலி, உள்ளே புகுந்து நீளவாக்கிலும் குறுக்கிலும் ஓடிப் பார்த்தது.

"நீளவாக்கில் விரைந்தேன். குறுக்கே ஓட்டம் தளர்ந்தது. உனக்குள் இருக்கும் நுண்ணிய உலோகப் படிகங்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன" என்றது ஒலி.

"என்னைத் தகடாக்கிய உருளைகள் நசுக்கியதில் அப்படி ஆகிவிட்டது. வெளியே சொல்லிவிடாதே" என்று தகடு கெஞ்சியது.

"உன் குற்றமில்லைதான். ஆனால் அண்டாவாக இழுத்து வளைக்கும் அச்சு, காரணம் கேட்காது."

அந்நேரம், அதே உருளைகளில் நசுங்கி, சோதிக்காமலே அச்சுக்குப் போன உடன்பிறந்த தகடு கிழிந்தது. பட்டறையெங்கும் அந்தச் சத்தம் கேட்டது.

தகடு ஒலியிடம், "போய் உள்ளதைச் சொல்லிவிடு" என்றது.

அது அண்டாவாகவில்லை. வளைக்கத் தேவையில்லாத ஒரு வீட்டுக் கதவாகி, முழுசாக நின்றது.