ஒரு விரல் கீழே

"யாரைக் கேட்டு ஹேண்டில்பாரை இறக்கினே?"

"ஓட்டுறவளைக் கேட்டுத்தான்."

"இது என் சைக்கிள், ரெஜினா."

"முழங்கால் வீங்கி நீங்க உட்கார்ந்ததிலிருந்து இதுல மில்லுக்குப் போறது யாரு?"

"இன்னைக்குக் கோயிலுக்கு நான்தான் மிதிப்பேன்," என்றபடி அவள் கணவர் சூசை ஸ்பானரால் போல்ட்டைத் தளர்த்தி ஹேண்டில்பாரைத் தூக்கிப் பார்த்தார். அது அசையவில்லை.

"தளர்த்தினா போதுமா? போல்ட் தலையில ஒரு தட்டு தட்டணும்."

அம்மிக்குழவியைக் கொண்டுவந்து ரெஜினாவே தட்டினாள். தட்டினவள், ஹேண்டில்பாரை இன்னும் ஒரு விரல் கீழே இறக்கி முடுக்கினாள். இத்தனை நாள் அவள் தோள்பட்டையைக் குடைந்த வலி அந்த ஒரு விரல் உயரத்தில்தான் இருந்தது. சுடிதார்க் காலைக் குறுக்குக்கம்பிக்கு மேல் வீசி ஏறி, வாசற்படியில் ஒரு பாதத்தை ஊன்றி நிமிர்ந்தாள். தெருவே கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

"பின்னால ஏறுங்க. சீட்டைப் பிடிச்சுக்கிறதா, என் இடுப்பைப் பிடிச்சுக்கிறதான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."