நாற்பத்தோராவது மூச்சு

அந்தக் குடியிருப்புக்குள் நாற்பது பேர் மூச்சுவிடத்தான் அனுமதி. உள்ளே எத்தனை மூச்சு என்று சுவர் எண்ணிக் காட்டும்; ஒன்று கூடினாலும் சங்கு ஊதும், காவலர்கள் வந்துவிடுவார்கள். படகில் தப்பி வந்த தாட்சாயினியை ஒளித்துவைத்த நாளிலிருந்து, வீடுகள் முறைவைத்து, எந்நேரமும் யாராவது ஒருவர் வெளியே வெயிலில் போய் நின்றார்.

இன்று உச்சிவேளையில் அவளுக்குப் பிரசவ வலி. அலறல் கட்டடம் முழுக்கக் கேட்டது. பிள்ளையின் தலை தெரிந்த பிறகுதான் பிரசவம் பார்த்த ரெஜினாவுக்கு உறைத்தது: பிள்ளைக்காக வெளியே போகும்படி யாரிடமும் சொல்லவில்லை. சுவரில் நாற்பது!

"அக்கா, பிள்ளை அழுதா பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்களே!"

"நீ முக்கு தாயி!"

பிள்ளை வீறிட்டது. ரெஜினா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

சங்கு ஊதவில்லை. சுவரில் மூன்று என்றிருந்தது.

ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். கொதிக்கும் வெயிலில் மொத்தக் குடியிருப்பும் அண்ணாந்து நின்றது.

"ரெஜினாக்கா, என்ன பிள்ள?"